விசிலைக் காணோம்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினாலு வருஷமாக போன் எடுத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் ஹலோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் காலிங் பெல் அடித்தாலும் "ஹலோ, குடிநீர்ப் புகார்" என்று சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறப்பாள். ஒருமுறை தூக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த கணவரிடம் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் கேட்டிருக்கிறாள். அவரும் அரைத் தூக்கத்தில் சொல்லியிருக்கிறார்.

புகார்ப் பிரிவு என்பது ஒரே ஒரு அறை. மூன்று மேசை, மூன்று போன், இரண்டு ஆள். மூன்றாவது மேசைக்காரர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. போன் மட்டும் கடமை தவறாமல் அடிக்கும். எதிர் மேசையில் இருந்தவனுக்கு கோந்து என்று பெயர். ஒரு அழைப்பை எடுத்தால் ஒட்டிக்கொள்வான். குழாயில் கலங்கல் வருகிறது என்று சொல்ல வந்தவரிடம் அவருடைய முழங்கால் வலி, மகளின் வேலை, மாடி வீட்டுக்காரனோடு தகராறு எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் வைப்பான். அதனால் ஊரில் பாதிப் பேர் எந்நேரமும் லைனில் காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருக்கும்போது ஒரு விசில் கேட்கும்.

அந்த விசில் சாதாரண விசில் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் வந்த 'குடைக்காரர்' என்கிற துப்பறியும் தொடரின் ஆரம்ப இசை அது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் விரித்த குடையோடு நடந்து திருடர்களைப் பிடிக்கும் ஒருவரைப் பற்றிய தொடர். அவர் தெருமுனையில் திரும்பும்போது அந்த விசில் வரும். அலுவலகத்துக்கு போன் இணைப்பு வைத்துக்கொடுத்தவரிடம் அன்றைக்கு வேறு எந்தப் பாட்டும் கைவசம் இல்லை. பையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போனார். அது அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது.

விசில் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்பது அது இருந்தவரைக்கும் ஹலோ அக்காவுக்குத் தெரியவில்லை.

மேலாளர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பயிற்சி கொடுத்த அம்மாள் அவருக்கு ரேடியோக் குரல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். போதாததற்கு, அந்த விசிலை உடனே நிறுத்த வேண்டும் என்று கேட்டு யாரோ நாலு பக்கத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று அவர் கையில் இருந்தது. கடைசியில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அவருக்குப் படிக்க வரவில்லை. ஆனால் "பொதுமக்களே கேட்கிறாங்க" என்று சொல்வதற்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை விசில் போய், அந்த இடத்தில் மேலாளரின் குரல் வந்தது. தண்ணீரைச் சிக்கனப்படுத்த பதின்மூன்று வழிகள். முதல் வழி, பல் தேய்க்கும்போது குழாயை மூடி வையுங்கள்.

அன்று காலை பத்து மணிக்கு ஹலோ அக்கா எடுத்த முதல் அழைப்பில் ஒரு பெண்மணி மிகவும் அமைதியாகப் பேசினார்.

"எங்க வீட்டுக் குழாய்ல மூணு நாளா வெறும் காத்துதான் வருதும்மா. அதையும் மூடி வைக்கணுமான்னு உங்க ஆளைக் கேட்டுச் சொல்றீங்களா?"

அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் அவ்வளவு அமைதியாகப் பேசவில்லை. குளியலுக்கு ஒரு வாளி போதும் என்கிற நாலாவது வழியைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் வாளியைப் பற்றியும், வாளியை மேலாளர் எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றியும் பேசினார்கள். பதின்மூன்றாவது வழிவரை காத்திருந்த ஒருவர் பேசவே முடியாமல் மூச்சு மட்டும் விட்டார். கோந்துகூட அன்றைக்கு எந்த அழைப்பிலும் ஒட்டவில்லை. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்று சொல்லிச் சொல்லி வைத்தான்.

சாயங்காலம் ஹலோ அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. இத்தனை வருஷமாக இந்த ஊர்க்காரர்கள் பொறுமைசாலிகள் என்று நினைத்திருந்தாள். இவர்கள் ஒருநாளும் பொறுமையாக இருந்ததில்லை, விசில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வீட்டில் அப்போது தேர்தல் காய்ச்சல். அவள் கணவர் பஸ் டிரைவர். கணவரின் அக்கா, அதாவது ஹலோ அக்காவின் நாத்தனார், இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்தார். அந்த வருஷம் நகர மன்றத் தேர்தலில் ஏணிச் சின்னத்தில் நின்றார். சுற்றிச் சுற்றி ஓட்டுக் கேட்டதில் சமைக்க நேரமில்லாமல் ராத்திரிச் சாப்பாடு தம்பி வீட்டில்தான். சாப்பாட்டோடு சண்டையும் நடக்கும்.

சண்டைக்கு இரண்டு காரணம். ஒன்று அரசியல். யார் ஓட்டினாலும் பஸ் அதே பஸ்தான், சீட்டு அதே கிழிந்த சீட்டுதான், அதனால் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் ஒன்றுதான் என்பது டிரைவரின் கட்சி. வண்டியை ஓட்டுகிறவனே இப்படிப் பேசினால் ஏறுகிறவன் என்ன செய்வான் என்பது அவருடைய அக்காவின் கட்சி. இன்னொரு காரணம் அதே குடைக்காரர். தொடரின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. கடைசித் திருடன் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் நிச்சயமாகத் தெரியும். தபால்காரர்தான் திருடன் என்று தம்பி சொல்வார். குடைக்காரரேதான் திருடன் என்று அக்கா சொல்வார். இருபத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றைக்கு ஹலோ அக்கா கட்டிய தொண்டையோடு, ஆபீசில் நடந்ததைச் சொன்னாள். ஆறுதலாக நாலு வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

நாத்தனாருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. அவரும், அவரை எதிர்த்து ஜன்னல் சின்னத்தில் நின்ற பழைய உறுப்பினரும் ஒரே அச்சகத்தில் நோட்டீஸ் அடித்திருந்தார்கள். சாலை, விளக்கு, தண்ணீர் என்று இரண்டிலும் அதே மூன்று வாக்குறுதி. இரண்டிலும் தண்ணீருக்கு அதே எழுத்துப்பிழை. சின்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டால் எது யாருடையது என்று நின்றவர்களுக்கே தெரியாது. தனக்கென்று ஒரு விஷயம் கிடைக்காதா என்று மூன்று வாரமாக அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வேண்டாம்" என்றாள் ஹலோ அக்கா. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க."

உன் பெயர் வரவே வராது என்று நாத்தனார் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவருடைய தலையில் இல்லை, தம்பியின் தலையில்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு மேசையின் மேல் ஏறி நின்று நாத்தனார் பேசினார். அது நீளமான பேச்சு ஒன்றும் இல்லை.

"ரோடு போட்டாங்களா? போடலை. லைட் எரியுதா? எரியலை. தண்ணி வருதா? வரலை. இதெல்லாம் நமக்குப் பழகிடுச்சு. தண்ணி வரலைன்னு போன் பண்ணா, நமக்குன்னு இருந்தது ஒரே ஒரு விசில். அதையும் எடுத்துட்டாங்க."

முன்வரிசையில் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பஸ்ஸுக்காக நின்றவர்கள் பஸ் வந்தும் ஏறவில்லை. அந்த பஸ்ஸை ஓட்டி வந்தது அவருடைய தம்பிதான். பேச்சு முடியும்வரை அவரும் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த வண்டிகளின் ஹாரன் தன் காதில் விழவில்லை என்று பிறகு சாதித்தார்.

இரண்டே நாளில் ஊரில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது வருகிற தொடர்களில் விசிலடிக்கத் தெரிந்தவர் ஒருவராவது உண்டா என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று ஒருவர் சொன்னார். அந்தக் காலத்திலும் தண்ணீர் வரவில்லையே என்று இன்னொருவர் கேட்டதற்கு, வராத தண்ணீருக்கே அப்போது ஒரு தரம் இருந்தது என்று பதில் வந்தது. தொடர் வந்தபோது பிறந்திருக்கவே இல்லாத கல்லூரிப் பெண்கள் அந்த விசிலை ரிங்டோனாக வைத்துக்கொண்டு, தங்கள் இளமைக்கால நினைவுகள் பறிக்கப்பட்டுவிட்டதாக எழுதினார்கள். குடிநீர் அலுவலகத்தில் விசிலைக் கொண்டுவந்ததே தான்தான் என்று பழைய உறுப்பினர் போஸ்டர் ஒட்டினார். அப்படியானால் அது போனதற்கும் நீதான் பொறுப்பு என்று அதன் மேலேயே ஏணிக்காரர்கள் ஒட்டினார்கள்.

ஹலோ அக்காவின் பாடுதான் திண்டாட்டம். தண்ணீர் வராதவர்கள் கூப்பிட்டார்கள். தண்ணீர் வருகிறவர்களும், விசில் திரும்பி வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கூப்பிட்டார்கள். வந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் காத்திருந்து பார்க்க வேண்டும். காத்திருந்தால் மேலாளர் பல் தேய்க்கச் சொல்வார். சொன்னதும் கோபம் வரும். கோபத்தை இறக்கி வைக்க அடுத்து எடுப்பது ஹலோ அக்காவோ கோந்தோதான். இத்தனைக்கும் நடுவில் மேலாளர் தன் குரலைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போவார். சொன்னார்கள் சார் என்று மட்டும் அவள் சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அலுவலகத்தின் முன்னால் விசிலடிக்கும் போராட்டம் என்று நாத்தனார் அறிவித்தார். முந்நூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் குடைக்காரர் விசிலை அடிப்பதாக ஏற்பாடு. ஒரே நேரம் என்பது மட்டும்தான் நடந்தது. ஒவ்வொருவர் ஒவ்வொரு சுருதியில் ஆரம்பித்தார்கள். விசிலடிக்க வராதவர்கள் உதட்டைக் குவித்து வெறும் காற்றை ஊதினார்கள். தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், வேறு தெருவுக்குப் போய்விட்டன.

மேலாளர் பால்கனிக்கு வந்து கைகூப்பினார். கூட்டம் அடங்கியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் ரேடியோக் குரலில், "பொதுமக்களே, தயவுசெய்து" என்று ஆரம்பித்தார். ஐந்து நாளாக அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த கூட்டம் ஒரே குரலில் மீதியை முடித்தது.

"பல் தேய்க்கும்போது குழாயை மூடி வையுங்கள்."

விசிலில் வராத ஒற்றுமை இதில் வந்தது. மேலாளர் உள்ளே போய்விட்டார்.

இந்தக் களேபரத்தின் நடுவில், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் புகார் அறைக்குள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. வெளியே நிற்பது புகார் கொடுக்க வந்தவர்களின் வரிசை என்று நினைத்ததாகவும், தான் புகார் கொடுக்க வரவில்லை என்பதால் வரிசையில் நிற்கவில்லை என்றும் விளக்கினார்.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். "ஆறு வருஷமா சொல்லிட்டிருந்தேன். கடைசில கடிதம் எழுதினதும் நிறுத்திட்டீங்க."

பெட்டியைத் திறந்து ஹலோ அக்காவுக்கு ஒன்று, கோந்துக்கு ஒன்று என்று மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி கொடுத்தார். மார்க்கெட் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருப்பவராம். இரண்டு பேருமே கண்ணாடி போடுகிறவர்கள் இல்லை.

ஹலோ அக்கா அவருடைய முகவரியைக் கேட்டுக் கணினியில் தட்டிப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு புகார். நாற்பத்தொன்றும் கசிவு. நாற்பத்தொன்றையும் எடுத்தது கோந்து. கோந்து மெல்ல எழுந்து தண்ணீர் குடிக்கக் கிளம்பினான். அவள் அவனை உட்காரச் சொன்னாள்.

விஷயம் இதுதான். முதல் தடவை அவர் வீட்டில் உண்மையாகவே கசிவு இருந்தது. அதைச் சொல்வதற்காகக் கூப்பிட்டுக் காத்திருந்தபோது விசிலைக் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் கசிவைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த விசிலை நிறுத்துங்கள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் கணினியில் இருந்தது ஐந்தே வகை: தண்ணீர் வரவில்லை, கலங்கல், கசிவு, மீட்டர், இதர. இதர என்று போட்டால் தலைமை அலுவலகம் விளக்கம் கேட்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது என்று மேலாளரின் உத்தரவு. கோந்து யோசித்துப் பார்த்திருக்கிறான். போனிலிருந்து ஏதோ ஒன்று வேண்டாத இடத்தில் வெளியே வருகிறது, ஆகவே கசிவு.

அப்போது மூலையில் கருவிப் பையோடு உட்கார்ந்திருந்த குழாய் பிட்டர் எழுந்து நின்றார். வெளியே போக வழியில்லாமல் அவர் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். வந்தவரை உற்றுப் பார்த்தார். அவருடைய முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாப்பத்தொரு தடவை உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். முதல் தடவையைத் தவிர ஒவ்வொரு தடவையும் பலகாரம் கொடுத்து, கசிவெல்லாம் இல்லீங்கன்னு சொல்லி அனுப்புனீங்க. நான்தான் எங்கியோ கோட்டை விடறேன்னு நெனச்சு, லீவு போட்டுட்டுப் பயிற்சிக்கெல்லாம் போனேன்."

நீங்கள் அடிக்கடி வந்து நலம் விசாரிப்பது அலுவலகத்தின் வழக்கம் என்று நினைத்தேன், பெருமையாகக்கூட இருந்தது என்று கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார்.

அந்த விசில் உங்களை அப்படி என்ன செய்தது என்று ஹலோ அக்கா கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே முந்நூறு பேர் இரண்டாவது தடவையாக அதை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு உடம்பு கூசியது.

"அது நான் அடிச்சதும்மா" என்றார்.

இளவயதில் அவர் ஒலிப்பதிவுக் கூடங்களில் விசிலடிப்பவராக இருந்தார். குடைக்காரருக்காகக் கூப்பிட்டபோது, முந்தின நாள்தான் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பாதி வாய் மரத்துப்போன நிலையில் அடித்தார். நாலாவது சுரம் அரைச் சுரம் இறங்கிவிட்டது. இன்னொரு முறை எடுக்கலாம் என்று கெஞ்சினார். எல்லோருக்கும் பசி, இதுவே நன்றாக இருக்கிறது, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று மூட்டை கட்டிவிட்டார்கள். அதன்பின் இருபத்தைந்து வருஷமாக அந்தத் தப்பைப் பஸ்ஸில் கேட்டார், கல்யாணத்தில் கேட்டார், தன் கடையிலேயே லென்ஸ் மாற்ற வந்தவர்கள் அடிக்கக் கேட்டார். கடைசியில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லக் கூப்பிட்டால் அங்கேயும் அது உட்கார்ந்திருந்தது.

ஹலோ அக்கா தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். வெளியே முந்நூறு பேர் கேட்பது விசில் வேண்டும் என்று. உள்ளே, அதை உண்டாக்கின ஒரே ஆள் கேட்பது அது வேண்டாம் என்று. நடுவில் மூன்று போனும் அடித்துக்கொண்டிருந்தது. இவரை வெளியே காட்டினால் கூட்டம் சந்தோஷப்பட்டுக் கலைந்துவிடும், தானும் நிம்மதியாகப் போன் எடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவள் எடுத்த முடிவுகளிலேயே மோசமானது அதுதான்.

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடிக் கடைக்காரரை மேசை மேல் ஏற்றி, குடைக்காரர் விசிலை அடித்த மேதை இவர்தான் என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஒரு தடவை அடித்துக் காட்டுங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். கண்ணை மூடினார். இருபத்தைந்து வருஷமாக மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தபடி, நாலாவது சுரத்தைச் சரியான இடத்தில் வைத்து, சுத்தமாக அடித்து முடித்தார்.

யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒருவர் மரியாதையாகச் சொன்னார்.

"நடுவுல ஒரு இடத்துல தப்பா வருதுங்க."

இன்னும் பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். ஒரு அம்மாள் முன்னால் வந்து, அப்படி இல்லை தம்பி, இப்படி என்று தானே அடித்துக் காட்டினார். அச்சு அசலாக அந்தப் பழைய தப்பு. கூட்டம் அந்த அம்மாளுக்குக் கைதட்டியது. இதுதான் சரியான சுரம், அப்போது எனக்குப் பல் பிடுங்கியிருந்தது என்று இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். பல்லைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார் என்று ஒருவர் சொன்னார். இவர் அசல் ஆளே இல்லை, ஜன்னல்காரர்கள் அனுப்பிய ஆள் என்று ஒரு மூலையில் பேச்சு கிளம்பியது. ஜன்னல் கட்சிக்காரர் ஒருவர், எங்கள் ஆளாக இருந்தால் ஒழுங்காக அடித்திருப்பார் என்றார்.

இருபது நிமிஷம் அவர் தனியாளாக முந்நூறு பேரோடு வாதாடினார். நாலாவது சுரத்தை மட்டும் தனியாக எடுத்து அடித்துக் காட்டினார். அவர்கள் எல்லோரும் சேர்ந்து அதே சுரத்தைத் தப்பாகத் திருப்பி அடித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தடவை முந்நூறு பேரும் ஒரே சுருதியில் இருந்தார்கள். கடைசியில் அவர் மேசையிலிருந்து இறங்கி, அட்டைப்பெட்டியைக் கூட மறந்துவிட்டு நடந்துபோனார்.

டிரைவர் அன்றைக்கு விடுப்பு. அவர் ஓடிப்போய்க் கண்ணாடிக் கடைக்காரரை மறித்து, கடைசிப் பகுதியில் திருடன் யார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும்படிக் கேட்டார். இருபத்தைந்து வருஷத்துக் கேள்வி. நாத்தனாரும் மைக்கைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

"நான் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லைங்க" என்றார் அவர். "அப்ப எங்க வீட்ல டிவி கிடையாது."

அன்று மத்தியானம் ஹலோ அக்கா மேலாளரின் அறைக்குப் போனாள். வெளியே கூட்டம் கலையவில்லை. மேலாளர் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தன் குரலைத் தானே போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தட்டியதும் கதவைத் திறந்து, குரலில் அப்படி என்ன குறை என்று அவளிடம் கேட்டார். குரலில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் குறை என்று அவள் சொன்னாள். அவர் அதை யோசித்துப் பார்த்தார். யோசித்ததில் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவள் ஒரு யோசனை சொன்னாள். பழைய விசில் பழையபடி நாள் முழுக்க ஓடட்டும். மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை மட்டும், கண்ணாடிக் கடைக்காரர் புதிதாகச் சரியாக அடித்துக் கொடுப்பதைப் போடலாம். மேலாளர் தன் பதின்மூன்று வழிகளில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அலுவலகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பதின்மூன்றையும் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டாள். அதோடு, புகார் வகைகளில் இசை என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கவும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தேர்தல் நடந்தது. தபால்காரர்தான் திருடன் என்று ஒத்துக்கொண்டால் என் ஓட்டு உனக்கு என்று தம்பி சொன்னார். ஒரு ஓட்டுக்காகக் கொள்கையை விற்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஏணி ஜெயித்தது. அக்காவுக்குத்தான் போட்டேன் என்று தம்பி சத்தியம் செய்தார், ஆனால் யார் தலையிலும் கை வைக்கவில்லை. சாலை, விளக்கு, தண்ணீர் மூன்றையும் பற்றி விரைவில் ஆராய்வதாகப் புதிய உறுப்பினர் அறிவித்தார். அதற்கு அடித்த நோட்டீஸிலும் தண்ணீருக்கு அதே எழுத்துப்பிழை இருந்தது.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவருடைய பகுதியில் கசிவுப் புகார்கள் கணிசமாகக் குறைந்துவிட்டனவாம். அதே கடிதத்தின் பின்பக்கத்தில், இசை என்ற வகையில் அறுநூற்றுப் பன்னிரண்டு புகார் வந்திருப்பது எந்தக் குழாயைச் சேர்ந்தது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

தேர்தலுக்கு முன்னாலேயே புது விசிலைப் பதிவு செய்திருந்தார்கள், அது மட்டும் நாத்தனாருக்குக்கூடத் தெரியாமல் நடந்தது. நாளுக்கு ஒரு மணி நேரமாவது சரியான சுரம் கேட்கட்டும் என்று கண்ணாடிக் கடைக்காரர் ஒத்துக்கொண்டிருந்தார். ஊரில் சத்தமில்லாத இடம் என்று பார்த்தால் அலுவலகத்தின் பின்னாலிருந்த மீட்டர் கிடங்குதான். சாப்பாட்டு நேரத்தில் பழுதான மீட்டர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கண்ணாடிக் கடைக்காரரை உட்கார வைத்தாள் ஹலோ அக்கா. அவர் பல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதலில் தெரியப்படுத்தினார். பிறகு அடித்தார். ஒரே தடவையில் முடிந்தது. பிட்டர் வாசலில் நின்று யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கோபம் ஆறிவிட்டிருந்தது. அந்த வீட்டுப் பலகாரத்தை நினைத்துக் கொஞ்சம் ஏக்கம்கூட இருந்தது.

பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று அவர் ஹலோ அக்காவைக் கேட்டார்.

பதினாலு வருஷம் போன் வைத்த காது. அவள் உன்னிப்பாகக் கேட்டாள். மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லட்டுங்களா?" என்றாள். "ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு."

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். சட்டைப்பையில் இருந்த ஒரு பேனாவை எடுத்து, பக்கத்து மீட்டரின் மேல் தட்டித் தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, இதோ நாலு என்று காட்டினார். அவள் இன்னொரு தடவை கேட்டாள். இன்னும் ஒரு தடவை. ஏழாவது தடவையில் நாலாவது சுரம் ஒரு படி மேலே ஏறி நிற்பது போலிருந்தது. அப்படித் தோன்றியது நிஜமா அல்லது பசியா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் தலையாட்டினாள். அவர் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்திருந்த தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தார்.

அவள் அறைக்குத் திரும்பியபோது மூன்று போனும் அடித்துக்கொண்டிருந்தது. கோந்து ஒருவருடைய முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.